ஜனவரியில் எலுமிச்சை பழுக்கும் கடற்கரை

முதலில் உங்கள் தேசப்படப் புத்தகத்தை எடுத்து உலகப் படத்தை விரித்துக்கொள்ளுங்கள். பிரான்சு நாட்டின் தென்கிழக்கு மூலையில், மத்தியதரைக் கடலின் கரையில், நீஸ் என்ற நகரம் இருக்கும். அதன் அட்சரேகை சுமார் 43.7 டிகிரி வடக்கு. அங்கே விரலை வைத்து, அதே அட்சரேகையை ஒட்டியே கிழக்கு நோக்கி நகர்த்துங்கள். ஆசியா முழுவதையும் கடந்து விரல் மறுபடி கடலைத் தொடும் இடத்தில் ரஷ்யாவின் துறைமுகமான விளாடிவோஸ்டாக் வரும். அதன் அட்சரேகை 43.1 டிகிரி.

இரண்டும் கடற்கரை ஊர்கள். இரண்டிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறது. அப்படியானால் குளிரும் ஒரே அளவாக இருக்கவேண்டும் அல்லவா? ஆனால் ஜனவரி மாதத்தில் விளாடிவோஸ்டாக்கின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே சுமார் 12 டிகிரி செல்சியஸ். அங்கே விரிகுடா உறைந்துவிடும். மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டு, அதன்மேல் உட்கார்ந்தே மீன் பிடிப்பார்கள். நீஸ் நகரிலோ அதே மாதத்தில் சராசரி சுமார் 9 டிகிரி. அதற்குச் சற்றுக் கிழக்கே, இத்தாலிய எல்லையில் உள்ள மாந்தோன் என்ற சிற்றூரில், அந்த ஜனவரியிலும் மரங்களில் எலுமிச்சம் பழங்கள் மஞ்சளாகத் தொங்கும்!

ஒரே சூரியன், ஒரே அட்சரேகை. வேறுபாடு மட்டும் 20 டிகிரிக்கு மேல். இது எங்கிருந்து வந்தது?

சாத்திய சன்னல்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், ஒரு வாரப் பயிலரங்கில் கலந்துகொள்ள நீஸ் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ‘நீலக் கடற்கரை’ என்று பிரெஞ்சுக்காரர்கள் பெருமையாக அழைக்கும் பகுதி அது. கோடையில் அங்கே கால் வைக்க இடமிராது என்பார்கள். நான் கண்டது வேறு காட்சி. கடலை நோக்கிய வீடுகளில் பாதிக்குமேல் மரச் சன்னல்கள் சாத்திக் கிடந்தன. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சங்கிலி போட்டிருந்தார்கள். நீண்ட கடற்கரைச் சாலையில் வயதானவர்கள் கம்பளிச் சட்டையுடன் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

நீஸின் கரையில் மணல் கிடையாது, உருண்டைக் கூழாங்கற்கள்தான். அலை பின்வாங்கும்போது ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றோடொன்று உரசி உருளும் ஓசை, கூட்டமில்லாத அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது. இன்னொன்றும் கவனித்தேன். காலையில் நீர் நின்ற இடத்துக்கும் மாலையில் நின்ற இடத்துக்கும் அதிக வேறுபாடு இல்லை. மத்தியதரைக் கடல் ஏறக்குறைய மூடிய கடல். ஜிப்ரால்டர் என்னும் குறுகிய வாயில் வழியாகத்தான் அது அட்லாண்டிக் பெருங்கடலோடு சேர்கிறது. ஆகவே இங்கே ஓதங்கள் மிகச் சிறியவை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே பொதுவாக ஓரிரு சாண்தான் வேறுபாடு. இந்தக் குறுகிய வாயிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கேள்வியின் விடை அங்கேயும் இருக்கிறது.

சூரியனிடம் விடை இல்லை

முதலில் சூரியனைக் கேட்போம். டிசம்பர் 21-ஆம் நாள் நண்பகலில் சூரியனின் உயரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 90-லிருந்து ஊரின் அட்சரேகையையும் 23.5-ஐயும் கழிக்கவேண்டும். நீஸுக்கு இது சுமார் 23 டிகிரி. சென்னைக்குச் சுமார் 53 டிகிரி. சாய்வாக விழும் ஒளி அதிக இடத்தில் பரவுவதால் அதன் வலிமை குறையும். கிடைத்தரையில் விழும் அளவு அந்தக் கோணத்தின் சைன் மதிப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 23 டிகிரியின் சைன் 0.39, 53 டிகிரியின் சைன் 0.80. அதாவது நண்பகலில்கூட நீஸின் தரை சென்னையின் தரை பெறுவதில் பாதியைத்தான் பெறுகிறது. பகற்பொழுதும் அங்கே சுமார் 8 மணி 50 நிமிடம் மட்டுமே. சென்னையிலோ அன்றைக்குப் பகல் 11 மணிக்கு மேல் நீடிக்கிறது.

ஆக, குளிர்காலச் சூரியன் நீஸுக்கு அள்ளிக் கொடுப்பதில்லை. விளாடிவோஸ்டாக்குக்குக் கொடுப்பதையே இதற்கும் கொடுக்கிறது. அந்த 20 டிகிரி வேறு எங்கோ சேமித்து வைக்கப்பட்டிருக்கவேண்டும்.

கோடையில் சேமித்து, குளிரில் செலவழித்து

சேமிப்புக் கிடங்கு கடல்தான். ஒரு கிலோகிராம் நீரை 1 டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். உலர்ந்த மணலுக்கு சுமார் 0.8 கிலோ ஜூல் போதும். இதைத்தான் தன்வெப்ப ஏற்புத்திறன் என்று உங்கள் பாடப் புத்தகத்தில் படிக்கிறீர்கள். மெதுவாகச் சூடாகும் பொருள் மெதுவாகவே குளிரும்.

அதுமட்டுமன்று. தரையில் விழும் வெயில் மேற்பரப்பில்தான் தங்கும். ஓர் அடி தோண்டினால் மண் குளிர்ந்திருக்கும். கடலிலோ ஒளி உள்ளே ஊடுருவுகிறது; அலைகள் நீரைக் கலக்கிவிடுகின்றன. எனவே பல மீட்டர் ஆழத்துக்கு வெப்பம் சேர்கிறது. நீஸின் கரையோரக் கடல் ஆகஸ்டில் 24, 25 டிகிரிவரை ஏறுகிறது. குளிர்காலம் முழுவதும் அந்த வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் காற்றுக்குக் கொடுக்கிறது.

எவ்வளவு கொடுக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கனமீட்டர் கடல்நீர் 1 டிகிரி குளிர்ந்தால் சுமார் 40 லட்சம் ஜூல் வெளிவரும். ஒரு கனமீட்டர் காற்றின் நிறை 1.2 கிலோகிராம்தான், அதை 1 டிகிரி சூடாக்க 1,200 ஜூல் போதும். ஆகவே ஒரு கனமீட்டர் நீர் 1 டிகிரி இறங்கினால், 3,000 கனமீட்டருக்கும் அதிகமான காற்று 1 டிகிரி ஏறும். இரண்டு மாடிப் பள்ளிக்கூடத்தின் பல வகுப்பறைகளில் உள்ள காற்றை இப்படிச் சூடாக்க, ஒரு சிறிய தண்ணீர்த் தொட்டி போதும்!

பதின்மூன்றைத் தாண்டாத கடல்

இங்கே ஒரு விந்தை. எவ்வளவு குளிர் அடித்தாலும் நீஸின் கடல் சுமார் 13 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. யாரோ ஒரு தடுப்புப் போட்டதுபோல் அங்கே நின்றுவிடுகிறது. ஏன்?

நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அதிக அடர்த்தி பெறும் என்று படித்திருப்பீர்கள். அதனால்தான் ஏரிகளின் மேற்பரப்பு 4 டிகிரிக்குக் கீழே குளிர்ந்ததும், அந்த நீர் மிதந்து மேலேயே நின்று உறைகிறது. ஆனால் ஒரு கிலோ நீரில் 25 கிராமுக்கு மேல் உப்பிருந்தால் இந்த விதி பொருந்தாது. அத்தகைய நீர் உறைநிலைவரை குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும். மத்தியதரைக் கடலில் ஒரு கிலோ நீரில் சுமார் 38 கிராம் உப்பு இருக்கிறது. ஆகவே அங்கே குளிர்ந்த மேல்நீர் கனமாகிக் கீழே மூழ்கும். அதன் இடத்துக்குக் கீழ்நீர் மேலே வரும்.

கீழ்நீரின் வெப்பநிலை என்ன? இங்கேதான் ஜிப்ரால்டர் வாயில் வருகிறது. அட்லாண்டிக்கில் 2,000 மீட்டர் ஆழத்தில் நீர் 4 டிகிரி அளவில் சில்லென்றிருக்கும். ஆனால் ஜிப்ரால்டரின் அடியில் ஒரு வாசற்படிபோல் கடல்தரை உயர்ந்திருக்கிறது. அங்கே ஆழம் சுமார் 300 மீட்டர்தான். அட்லாண்டிக்கின் ஆழத்துக் குளிர்நீர் அந்தப் படியைத் தாண்டி உள்ளே வர முடியாது. எனவே மத்தியதரைக் கடலின் அடிவரை சுமார் 13 டிகிரி நீரே நிறைந்திருக்கிறது.

இப்போது புரிகிறதா? மேல்நீர் குளிர்ந்து 13 டிகிரியை நெருங்கும்போது கீழ்நீருக்குச் சமமாகிப் புரளத் தொடங்குகிறது. அதற்குமேல் ஒரு டிகிரி இறக்கவேண்டுமானால் மேல்படலத்தை மட்டும் குளிர்வித்தால் போதாது. மிகப் பெரிய நீர்த்தூண் முழுவதையும் குளிர்விக்கவேண்டும். ஒரு குளிர்காலம் அதற்குப் போதாது. நீஸுக்கு மேற்கே உள்ள லயன் வளைகுடாவில், மிஸ்ட்ரல் என்னும் உலர்ந்த குளிர்காற்று வீசும்போது நீர் இவ்வாறு புரண்டு மிக ஆழம்வரை மூழ்குவதை 1969-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பல ஆய்வுக் கப்பல்கள் சேர்ந்து அளந்து காட்டின. அந்தக் கடலின் ஆழ்நீரும் அண்மைப் பத்தாண்டுகளில் மெல்லச் சூடாகி வருகிறது என்பதையும் இத்தகைய தொடர்ந்த அளவீடுகளே நமக்குச் சொல்கின்றன.

மலை போட்ட மதில்

கடல் மட்டும் போதாது. விளாடிவோஸ்டாக்குக்கும் கடல் உண்டே! அங்கே குளிர்காலத்தில் காற்று சைபீரியாவிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கடலின் வெப்பத்தைக் காற்று நகரத்திலிருந்து அப்பால் கொண்டுபோய்விடுகிறது. அடுப்பு இருந்தும் புகைபோக்கி வழியாகச் சூடெல்லாம் வெளியேறிவிட்டது எனலாம்.

நீஸுக்கும் மாந்தோனுக்கும் பின்னால் ஆல்ப்ஸ் மலை மதிலாக நிற்கிறது. மாந்தோனில் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே 1,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் எழுகின்றன. வடக்கேயிருந்து வரும் குளிர்காற்றை அவை தடுக்கின்றன. மேற்கே ரோன் ஆற்றின் பள்ளத்தாக்கில் மட்டும் மதிலில் ஓர் இடைவெளி உண்டு. அந்த வழியாகத்தான் மிஸ்ட்ரல் பாய்கிறது. மார்சேய் நகர்ப் பக்கம் சில நாட்களில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசும். கிழக்கே ஒதுங்கியுள்ள மாந்தோனுக்கு அதன் தொல்லை மிகக் குறைவு. வெதுவெதுப்பான கடல் முன்னால், மதில் பின்னால்: எலுமிச்சைக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும்?

விடியலில் தெரியும் தீவு

பயிலரங்கு முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் மாந்தோனுக்கு ரயிலேறினேன். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பழைய ஊரின் சந்துகள் வழியாகக் குன்றின் உச்சிக்கு ஏறியபோது கீழ்வானம் சிவந்துகொண்டிருந்தது. தென்கிழக்கே கடலின் விளிம்பில் கரிய முக்கோணங்கள் சில தெரிந்தன. மேகமோ என்று நினைத்தேன். இல்லை, அவை ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கார்சிகா தீவின் மலைகள்!

இதையும் கணக்கிடலாம். h மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் தெரியும் என்பதற்கு எளிய சூத்திரம்: 3.57-ஐ h-இன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். பூமியின் ஆரத்தையும் பிதாகரஸ் தேற்றத்தையும் கொண்டு இதை நீங்களே வருவிக்கலாம். நான் நின்ற இடம் சுமார் 50 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் தொடுவானம் 25 கிலோமீட்டரில் இருக்கும். எஞ்சிய 165 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு மலை தலைகாட்டவேண்டுமானால் அது 2,100 மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்திருக்கவேண்டும். கார்சிகாவின் மிக உயர்ந்த சிகரமான சிந்தோ 2,706 மீட்டர். ஆகவே உச்சியின் ஐந்நூறு அறுநூறு மீட்டர் மட்டும் தெரியும். மீதமுள்ள மலையெல்லாம் பூமியின் வளைவுக்குக் கீழே. காற்று ஒளியைச் சற்று வளைப்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும் தெரியலாம்.

கோடைச் சுற்றுலாக்காரர்கள் இதைக் காண்பது அரிது. கோடையில் கடல்மேல் மங்கல் படிந்திருக்கும். மேலும் கோடைச் சூரியன் வடகிழக்கே, நிலத்தின் பக்கம் உதிக்கிறது. குளிர்காலத்தில்தான் அது தென்கிழக்கே கடலின் பக்கம் வந்து, அந்த மலைகளுக்குப் பின்னால் வானத்தை ஒளிரச் செய்கிறது.

நோயாளிகளின் ஊர்

வெளிச்சம் வந்த பிறகுதான் நான் நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அது ஒரு பழைய கல்லறைத் தோட்டம். ஆங்கிலேயர், ரஷ்யர், ஜெர்மானியர் பெயர்கள். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்த்தேன். 19, 24, 22, 27... இத்தனை இளைஞர்கள் இந்தச் சிற்றூருக்கு ஏன் வந்து இறந்தார்கள்?

19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரைக்குக் குளிர்காலம்தான் பருவம். கோடையில்தான் விடுதிகளைப் பூட்டிவைத்தார்கள். கோடையில் மக்கள் குவியும் வழக்கம் 1920-களில் தொடங்கி, பிரான்சில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை தரும் சட்டம் 1936-இல் வந்த பிறகே பரவியது. அதற்கு முன் குளிர்காலத்தில் வந்தவர்களில் பலர் காசநோயாளிகள்.

ஜேம்ஸ் ஹென்றி பென்னட் என்ற லண்டன் மருத்துவர் 1859-இல் காசநோயுடன், இனிப் பிழைக்கமாட்டோம் என்ற எண்ணத்துடன் மாந்தோனுக்கு வந்தார். குணமடைந்தார், மேலும் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மாந்தோனின் குளிர்காலத்தைப் புகழ்ந்து புத்தகம் எழுதினார். நோயாளிகள் திரண்டு வந்தார்கள். ‘புதையல் தீவு’ எழுதிய ஸ்டீவன்சன் 1873-இல் வந்து, தேறித் திரும்பினார். ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி 1898-இல் இங்கேயே 25 வயதில் இறந்தார். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1897-இல் நீஸுக்கு வந்து ஒரு குளிர்காலத்தைக் கழித்தார். அவரே ஒரு மருத்துவர்.

இங்கே நில்லுங்கள். மாந்தோனின் குளிர்காலம் இதமானது என்பது உண்மை. வெப்பமானியால் அளந்து காட்டலாம். ஆனால் அந்த இதமான காற்று காசநோயைக் குணப்படுத்தும் என்பது வேறு கூற்று. அதை யார் அளந்தார்கள்? பென்னட் பிழைத்தார், புத்தகம் எழுதினார். பிழைக்காதவர்கள் புத்தகம் எழுதவில்லை; அந்தக் குன்றின்மேல் கிடக்கிறார்கள். காசநோய் சிலருக்கு மருந்தில்லாமலே அடங்குவதும் உண்டு. பென்னட் லண்டனிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

என் பாட்டி தன் தமையனைப் பற்றி அடிக்கடி சொல்வார். 1944-இல் அவருக்கு எலும்புருக்கி நோய். ‘மலைக்காற்றுப் பட்டால் தேறும்’ என்று யாரோ சொல்ல, வீட்டில் இருந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சையை விற்று அவரை மலையூர் ஒன்றில் வைத்திருந்தார்கள். ஆறு மாதத்தில் இறந்துவிட்டார், வயது 22. ‘இன்னும் ஆறு மாதம் வைத்திருந்தால் பிழைத்திருப்பானோ’ என்ற ஏக்கம் பாட்டிக்குக் கடைசிவரை இருந்தது. அந்தக் கல்லறைகளின் நடுவே எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

சென்னையில் கிடைத்த விடை

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இல் கண்டுபிடித்தார். அதைக் கொல்லும் முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டறியப்பட்டது. 1952-இல் ஐசோனியாசிட் வந்தது. மருந்து வந்த பிறகும் ஒரு கேள்வி நின்றது: நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு இவற்றுக்காக நோயாளியைச் சானடோரியத்தில் வைத்தே தீரவேண்டுமா?

இந்தக் கேள்விக்கு விடை கண்ட இடம் மாந்தோன் அன்று, நம் சென்னை! 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே 193 நோயாளிகளை, யார் விருப்பமும் குறுக்கிடாதவாறு, சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவுக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். ஒரு பிரிவு சானடோரியத்தில்: நல்ல உணவு, படுக்கை ஓய்வு, செவிலியர் கவனிப்பு. மற்றப் பிரிவு தங்கள் வீட்டிலேயே: ஏழ்மை, நெருக்கடியான அறைகள், குறைந்த உணவு. 1959-இல் முடிவை வெளியிட்டார்கள். இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில், மிகப் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

குணப்படுத்தியது மருந்து, காற்றும் படுக்கையும் அல்ல. உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கிய காரணம். காசநோயால் இன்றும் உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். ஆனால் சிகிச்சைக்காக யாரும் நஞ்சையை விற்று மலையேற வேண்டியதில்லை. மருந்தை முழுக் காலமும் விடாமல் சாப்பிடவேண்டும்.

அடுத்த முறை மின்சார ரயிலில் தாம்பரம் பக்கம் போகும்போது ‘சானடோரியம்’ என்ற நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். 1928-இல் அங்கே நிறுவப்பட்ட காசநோய் விடுதியால் வந்த பெயர் அது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அரைக் கிலோ உலர்ந்த மணல், மற்றொன்றில் அரைக் கிலோ தண்ணீர். இரண்டிலும் வெப்பமானியைச் செருகிக் காலை 10 மணி முதல் வெயிலில் வையுங்கள். பிற்பகல் 2 மணிக்கு நிழலுக்கு மாற்றி, இரவு 8 மணிவரை அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். எந்தக் கோடு செங்குத்தாக ஏறி இறங்குகிறது, எது சாய்வாகச் செல்கிறது என்று பாருங்கள்.

பிறகு உங்கள் பள்ளி மொட்டைமாடியின் உயரத்தை அளந்து, அங்கிருந்து தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடுங்கள். 10 மீட்டர் உயரமானால் 11 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும்.

ஒன்று மட்டும் மறக்கவேண்டாம். மணல் டப்பா ஒன்றை மட்டும் வைத்துச் சோதனை செய்தால், அது எவ்வளவு சூடானாலும், தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் இரண்டாவது டப்பாவும் இருக்கவேண்டும்.